அம்மாவுக்கு எத்தனை பவுண்டு ஸ்பிரிங்?

உங்கள் வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வீர்கள். அதன் எடை என்ன என்று கேட்டால்? 'ஒரு டன் இருக்குமா... ஒன்றரை இருக்குமோ?' என்று இழுப்பீர்கள். டவுனுக்குள் ஓட்டுகிறவரை அந்தக் கணக்கு தேவையே இல்லை. ஆனால், தார் ரோடு முடிந்த பிறகும் போகவேண்டிய வண்டி என்றால், முதலில் தெரிந்துகொள்ளவேண்டியது அதைத்தான்.

மதுரையில் எனக்கு ஒரு நண்பர். தாண்டிக்குடிப் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம். அப்பா காலமான பிறகும் அம்மா தோட்டத்து வீட்டை விட்டு வர மறுத்துவிட்டார். மெயின் ரோட்டிலிருந்து வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர். ரோடு என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி பாறை, மீதி மழைத் தண்ணீர் அறுத்த பள்ளம்.

அதற்காகவே நண்பர் ஒரு ஜீப் வாங்கினார். வாங்கினவர் சும்மா இருக்கவில்லை. ஆஃப் ரோடு சாமான்கள் விற்கிற ஒரு கடைக்குப் போனார். பின்னால் இரும்பு பம்பர், கூரையில் கேரியர், அதன்மேல் கூடாரம், தண்ணீர் கேன்கள் என்று பெரிய பட்டியல் போட்டார்கள். 'இவ்வளவு வெயிட் வரப்போகுது, ஹெவி ஸ்பிரிங்தான் சார் தாங்கும்' என்றார் கடைப் பையன். நாலு சக்கரத்துக்கும் புது காயில் ஓவர். பின்பக்கம் 300 பவுண்டு ஸ்பிரிங். வண்டி இரண்டு இஞ்ச் உயர்ந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. பட்டியலில் இருந்த மற்ற சாமான்கள்? பட்டியலிலேயே இருந்தன.

அம்மாவுக்கு எழுபத்திநாலு வயது. எலும்பு அடர்த்தி குறைந்து, முதுகெலும்பில் ஒரு கட்டை லேசாக அமுங்கியிருந்தது. மாதம் ஒருமுறை மதுரைக்கு வந்து டாக்டரைப் பார்க்கவேண்டும். 'குலுங்காமப் பார்த்துக்கங்க' என்பதுதான் டாக்டர் சொன்ன முதல் மருந்து.

புது ஸ்பிரிங் போட்ட ஞாயிற்றுக்கிழமை நானும் வண்டியில் இருந்தேன். முதல் பாறையிலேயே அம்மா முன்சீட்டுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வாயைத் திறக்கவில்லை. மெயின் ரோட்டுக்கு வந்த பிறகுதான், 'ஏன்டா, இதுக்கு நான் நடந்தே வந்திருப்பேனே' என்றார். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. 'இப்ப நல்லாத்தான்டா இருக்கேன்' என்று போனில் சொல்லிவிட்டார். நண்பருக்குச் சோறு இறங்கவில்லை.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்தவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

காயில் ஓவர் என்றால் வேறொன்றுமில்லை. நடுவில் ஷாக் அப்சார்பர், அதைச் சுற்றி ஸ்பிரிங், இரண்டும் சேர்ந்து ஒரே உருப்படி. ஒன்றாக இருந்தாலும் இரண்டுக்கும் வேலை வேறு. நான் பி.காம். படித்தவன், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். ஸ்பிரிங் நாணயமான ஆள். பள்ளத்தில் எவ்வளவு வாங்கிக்கொண்டதோ, அதை அப்படியே திருப்பித் தந்துவிடும். அப்படியே விட்டால் வண்டி ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். ஷாக் அப்சார்பர் என்பது டி.டி.எஸ். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பங்கைப் பிடித்து, உள்ளே இருக்கும் எண்ணெயில் சூடாகக் கரைத்துவிடும். வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஆட்டத்தை அடக்குவது ஷாக்.

ஸ்பிரிங் ரேட் என்றதும் எங்களைப் போன்ற காமர்ஸ்காரர்களுக்கு விலைதான் ஞாபகம் வரும். இது விலை இல்லை. ஒரு இஞ்ச் அமுக்க எவ்வளவு பாரம் வேண்டும் என்பது. 300 பவுண்டு என்றால் இஞ்ச்சுக்கு 136 கிலோ. 175 பவுண்டு என்றால் சுமார் 80 கிலோ. சக்கரம் இரண்டு இஞ்ச் உயரக் கல்லில் ஏறுகிறது என்று வையுங்கள். 175 ஸ்பிரிங் மேல்நோக்கித் தள்ளுவது கூடுதலாக 160 கிலோ. 300 ஸ்பிரிங் தள்ளுவது 272 கிலோ. கல் ஒன்றுதான். முதுகுக்குப் போகிற செய்திதான் வேறு.

நண்பரை ஒரு பழைய மெக்கானிக்கிடம் கூட்டிப்போனேன். அறுபது வயது இருக்கும். கீழே குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தவர், 'தம்பி, இந்த ஸ்பிரிங்கைக் கேட்டது வண்டியா, நீங்களா?' என்றார். நண்பர் பேசவில்லை. 'போய் எடை போட்டுட்டு வாங்க. டேங்கை ரொப்பிக்கங்க. ஊருக்குப் போகும்போது யார் யார் இருப்பாங்களோ, அத்தனை பேரும் உட்காரணும்' என்றார்.

லாரிகள் நிற்கிற எடைமேடைக்குப் போனோம். முதலில் முன்சக்கரம் மட்டும் மேடையில், பிறகு பின்சக்கரம் மட்டும். அம்மாவுக்குப் பதில் அவர் எடைக்கு ஒரு அரிசி மூட்டையை முன்சீட்டில் உட்காரவைத்தோம். எடை போட்டவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

வந்த எடையில் சக்கரம், டயர், பிரேக், பின் ஆக்ஸில் இவற்றைக் கழிக்கவேண்டும். அவை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. ஸ்பிரிங் அவற்றைச் சுமப்பதில்லை. கழித்தது போக, பின்பக்கம் ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் சுமார் 360 கிலோ. வண்டி சும்மா நிற்கும்போது 175 ஸ்பிரிங் இந்தப் பாரத்தில் நாலரை இஞ்ச் அமுங்கும், நொடிக்கு ஒன்றரை ஆட்டம் ஆடும். பயணிகள் கார்களில் ஒன்று முதல் ஒன்றரை ஆட்டம்வரை சுகம் என்பது பொதுக் கணக்கு. 300 ஸ்பிரிங் இரண்டே முக்கால் இஞ்ச்சுக்கும் குறைவாக அமுங்கி, கிட்டத்தட்ட இரண்டு ஆட்டம் ஆடும். பட்டியலில் இருந்த சாமான் அத்தனையும் 250 கிலோ என்று வைத்து ஏற்றியிருந்தால்கூட 240 பவுண்டு போதும். வராத விருந்தாளிக்கு இலை போட்டு, வந்த அம்மாவைப் பட்டினி போட்ட கதை.

'ஆனா ஆஃப் ரோடுக்கு கெட்டி ஸ்பிரிங்தானே நல்லது?' என்று கேட்பீர்கள். அங்கேதான் வேடிக்கை. பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்துக்குள் இறங்குகிறது. அது கீழே நீண்டு தரையைத் தொட்டால்தான் பிடி கிடைக்கும். நாலரை இஞ்ச் அமுங்கியிருக்கும் ஸ்பிரிங், நாலரை இஞ்ச் கீழே தள்ளித் தரும். கெட்டி ஸ்பிரிங் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேயே கைவிட்டுவிடும். சக்கரம் அந்தரத்தில் சுற்றும். கம்பீரமாக நிற்கிற வண்டி, ஏறவேண்டிய இடத்தில் ஏறாது.

இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. காயில் ஓவரில் மரை போட்ட ஒரு வளையம் இருக்கும். 'இதைத் திருகினா ஸ்பிரிங் கெட்டியாயிடும்' என்பார்கள். ஆகாது. வண்டி உயரும், அவ்வளவுதான். 80 கிலோ ஸ்பிரிங் எப்போதும் 80 கிலோ ஸ்பிரிங்தான். திருகித் திருகி உயர்த்தினால், சக்கரம் கீழே நீள இருக்கிற இடத்தைத்தான் தின்கிறீர்கள்.

முன்பக்கம் கணக்கு கொஞ்சம் மாறும். 2020-ல் வந்த தார் போன்ற வண்டிகளில் முன்னால் விஷ்போன் கைகள். ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேரே இல்லாமல் உள்ளே தள்ளி இருக்கும். சக்கரம் பத்து இஞ்ச் ஏறினால் ஷாக் ஆறு இஞ்ச்தான் அமுங்குகிறது என்றால், 0.6-ஐ 0.6-ஆல் பெருக்குங்கள். 0.36. அப்படியானால் 500 என்று எழுதிய ஸ்பிரிங், சக்கரத்துக்கு 180 தான். அதனால் நம்பரை மட்டும் பார்த்து அடுத்தவர் வண்டியைக் காப்பியடிக்காதீர்கள்.

ஸ்பிரிங்கை முடிவு செய்த பிறகுதான் ஷாக். கெட்டி ஸ்பிரிங் வேகமாகத் திருப்பி உதைக்கும், அதை அடக்க அதிக டி.டி.எஸ். வேண்டும். மென்மையான ஸ்பிரிங்குக்கு அதே ஷாக்கைப் போட்டால், அமுங்கிய சக்கரம் நீள்வதற்குள் அடுத்த கல் வந்துவிடும். நீண்ட கரடுமுரடில் எண்ணெய் சூடாகி நுரைத்தால் ஷாக் வேலைநிறுத்தம் செய்துவிடும். அதைத் தடுக்கத்தான் நைட்ரஜன் வாயு அடைத்த ஷாக்குகள். மூன்று கிலோமீட்டர் தோட்டப் பாதைக்குப் பாலைவன ரேஸ் ஷாக் தேவையில்லை.

நண்பர் என்ன செய்தார்? மெக்கானிக் கேட்டார், 'வண்டியோட வந்த பழைய செட்டு இருக்கா?' கோடவுனில் சாக்குக்குள் இருந்தது. எடைச் சீட்டை வைத்துப் பார்த்தால், கம்பெனி எந்தப் பாரத்துக்கு அதைச் செய்ததோ அந்தப் பாரம்தான் வண்டியில் இருந்தது. அதையே திரும்ப மாட்டினார்கள். ஆன செலவு கூலி மட்டும். டயரில் காற்றையும் மலைப்பாதைக்கு முன் கொஞ்சம் இறக்கி, மெயின் ரோட்டுக்கு வந்ததும் ஏற்றிக்கொள்ளச் சொன்னார் அந்தப் பெரியவர். அந்த மாதம் அம்மா டாக்டரைப் பார்க்க வந்தார். பாதி வழியில் கைப்பிடியை விட்டுவிட்டு, காப்பிச் செடியில் பூச்சி விழுந்திருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நண்பர் பதில் சொல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது.

நிஜமாகவே பாரம் ஏற்றுகிறவராக நீங்கள் இருக்கலாம். அப்போது கெட்டி ஸ்பிரிங் அவசியம்தான். சாமான்களை முதலில் மாட்டுங்கள், பிறகு எடை போடுங்கள், அதற்குப் பிறகு ஸ்பிரிங் வாங்குங்கள். இந்த வரிசையை எந்தக் கடையும் சொல்லாது. கூடவே ஒரு சட்ட விஷயம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொன்னது. ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் இன்சூரன்ஸ்காரரிடமும் கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

எடைமேடையில் ஒரு சீட்டுக்கு ஆகிற காசு, ஒரு மாலை டிபன் செலவைத் தாண்டாது. அந்தச் சீட்டில், நாம் என்னவெல்லாம் சுமக்கப்போகிறோம் என்ற கனவு இருக்காது. இன்றைக்கு யாரைச் சுமக்கிறோம் என்பது மட்டும்தான் இருக்கும். ஸ்பிரிங்கை அவர்களுக்காக வாங்குங்கள்.