அந்த டியூப்பை எறிந்திருக்கக் கூடாது

கொஞ்சம் நீண்ட பதிவு. பிள்ளைகளை உயர்தரம் படிக்க வைக்கும் உம்மா வாப்பாமார் நேரம் எடுத்து வாசிக்க வேண்டும்.

நாங்கள் இரண்டு பேரும் அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரியில் ஒரே அணியில் படித்து வெளியேறியவர்கள். இப்போது ஒரே பாடசாலையில் இருக்கிறோம். ஒருவர் குடியியல், மற்றவர் விஞ்ஞானம். பதிவை எழுதுவது ஒரு கை என்றாலும் பேச்சு இருவருடையதும்தான்.

போன மாதம் கலைப்பிரிவுப் பிள்ளைகளிடம் என்ன ஆக விருப்பம் என்று கேட்டோம். வழக்கம்போல டீச்சர், டீச்சர், டீச்சர். ஒரு பிள்ளை மட்டும் சட்டம் என்றாள். அவளுடைய வாப்பா துறைமுகப் பக்கம் சாமான் ஏற்றி இறக்கும் வேலை செய்பவர். இரண்டு நாள் கழித்துப் பாடசாலைக்கே வந்துவிட்டார். "சேர், கோட்டு வேலையெண்டா காணிக் கேசும் கொலக் கேசும்தானே? எங்கட புள்ள அதுல போய் என்ன செய்யிற?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. எங்களுக்குத் தெரிந்த சட்டத்தரணிமாரும் காணிக் கேஸ், தாபரிப்புக் கேஸ், பிணை என்றுதான் ஓடுகிறார்கள். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகும் வழியில்தான் 2021 டிசம்பர் நினைவுக்கு வந்தது.

அந்த நேரத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நவம்பர் 23 அன்று குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு போனார்கள். மாவட்டம் முழுக்க மனசு கிண்ணியாவில் கிடந்த நாட்கள் அவை. அதே கிழமைகளில் நாடெங்கும் கேஸ் அடுப்பு வெடிக்கத் தொடங்கியது. எங்கள் அயல் வீட்டு ராத்தாவின் கண்ணாடி அடுப்பும் ஒரு காலையில் வெடித்தது. தேங்காய்ப்பால் விட்டுக்கொண்டிருந்தவவின் வலது கை முழங்கை வரைக்கும் வெந்துபோனது. அல்லாஹ் உயிரைக் காப்பாற்றினான். ஆனால் அந்தக் கையால் இன்றைக்கும் அவவுக்குத் தேங்காய் துருவ முடியாது. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைத்த மனுசி.

காயம் ஆறியபிறகு தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். நல்ல மனிதர், காசு கேட்கவில்லை. மூன்று கேள்விதான் கேட்டார். சிலிண்டர் மாற்றிய பில் இருக்கிறதா? அடுப்பை யார் வாங்கியது? அந்த ரெகுலேட்டரும் டியூப்பும் எங்கே?

பில் இல்லை. மகன் சைக்கிளில் கொண்டுபோய் மாற்றிவந்த சிலிண்டர். அடுப்பு, கட்டாரிலிருந்து வந்த தம்பி வாங்கிக் கொடுத்தது. ரெகுலேட்டரையும் டியூப்பையும் கண்ணாடித் துண்டுகளோடு சேர்த்து அள்ளிக் குப்பையில் போட்டது வேறு யாருமல்ல, நாங்கள்தான். பிள்ளைகளின் காலில் குத்திவிடும் என்று அன்றைக்கே கூட்டித் துப்புரவாக்கினோம். அவ்வளவு அக்கறை!

சட்டத்தரணி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இனி எதைக் காட்டி யாரைக் கேட்கிறது?" என்றார்.

கேஸ் விஷயத்தில் நடந்தது இதுதான். சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. எங்கள் வெப்பநிலையில் புரொப்பேனின் அமுக்கம் பியூட்டேனைவிடப் பல மடங்கு. புரொப்பேனின் பங்கைக் கூட்டினால் பழைய டியூப்பும் பழைய ரெகுலேட்டரும் அதைத் தாங்க வேண்டும் என்றில்லை. அந்த வருடம் அந்தச் சேர்வை மாறியிருந்தது. சனத்துக்கு யாரும் சொல்லவில்லை. ஜனாதிபதி நியமித்த குழுவும் சேர்வை மாற்றத்தைத்தான் முக்கிய காரணமாகச் சுட்டியது. கசிந்தால் மூக்குக்குத் தெரிவதற்காகக் கலக்கும் மணப்பொருள் போதாது என்று ஒரு கப்பல் கேஸைத் திருப்பியும் விட்டார்கள். ஆக, ராத்தாவின் கை வெந்ததற்கு ராத்தாவின் கவனக்குறைவு காரணம் என்று முடித்துவிட முடியாது. அதைத் துண்டு துண்டாகப் பொருத்தி நீதிமன்றத்தில் காட்டுவதற்கென்றே ஒரு சட்டத்துறை இருக்கிறது. குறைபாடுள்ள பொருளுக்குச் செய்தவனையும் விற்றவனையும் பொறுப்புச் சொல்ல வைக்கும் துறை. அந்த வாப்பாவுக்கு நாங்கள் சொல்லாமல் விட்ட பதில் அதுதான்.

இந்தத் துறையின் கதை ஒரு இஞ்சிப் பானப் போத்தலில் ஆரம்பிக்கிறது. 1928 ஆகஸ்ட், ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி என்ற ஊர். மே டொனஹியூ என்ற ஏழைப் பெண், கடையொன்றில் வேலை செய்பவர். சிநேகிதி ஒருத்தி வாங்கிக்கொடுத்த போத்தலில் பாதி குடித்தபின் மிச்சத்தை ஊற்றும்போது அழுகிய நத்தை ஒன்று வந்து விழுந்ததாகச் சொன்னார். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க முடியாத கருநிறப் போத்தல். நோயாகி ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்றைய சட்டப்படி அவருக்கு வழியே இல்லை. காசு கொடுத்து வாங்கியது சிநேகிதி. ஒப்பந்தம் அவளுக்கும் கடைக்காரனுக்கும் இடையில்தான். குடித்தவர் வெளியாள். ராத்தாவும் தம்பி வாங்கிக்கொடுத்த அடுப்பும் போலத்தான்.

அவருடைய வழக்கை எடுத்தவர் கிளாஸ்கோ சட்டத்தரணி வோல்டர் லீச்மன். இந்த மனிதர்தான் எங்கள் மனதில் நிற்கிறார். இதே மாதிரி இஞ்சிப் பானப் போத்தலில் செத்த எலி கிடந்த வழக்குகளை அவர் முன்பே நடத்தியிருந்தார். 1929 மார்ச் 20 அன்று மேல் மன்றத்தில் அவற்றில் தோற்றார். தீர்ப்புத் தெளிவாக அவருக்கு எதிரானது. மூன்று கிழமைகூட ஆகவில்லை, ஏப்ரல் 9 அன்று நத்தை வழக்கைப் பதிவு செய்தார்! டொனஹியூவிடம் ஐந்து பவுண் பெறுமதிகூடச் சொத்தில்லை என்று சத்தியக்கடதாசி கொடுத்துத்தான் லண்டன் பிரபுக்கள் சபை வரை போனார்கள். 1932 மே 26 அன்று தீர்ப்பு, மூன்றுக்கு இரண்டு. உன் கவனக்குறைவால் யார் பாதிக்கப்படுவார் என்று நீ நியாயமாக யோசித்திருக்க வேண்டுமோ அவரே சட்டத்தில் உனக்கு அயலவர் என்று அட்கின் பிரபு சொன்னார். அயலவர் உரிமை பற்றி எங்கள் ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. போத்தல் செய்யும் கம்பனிக்கும் அது உண்டு என்று ஒரு நீதிமன்றம் சொல்ல அவ்வளவு காலம் எடுத்தது. நத்தை உண்மையில் இருந்ததா என்பது கடைசிவரை விசாரிக்கப்படவில்லை. பான உற்பத்தியாளர் இறந்தபின் 200 பவுணில் சமாதானமானார்கள்.

எங்கள் நாட்டில் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் இருக்கிறது. அது வாங்கியவனுக்கும் விற்றவனுக்கும் இடையில் நிற்பது. அதற்கு வெளியே நட்டஈடு கேட்பதென்றால் கவனக்குறைவை நாங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பிறகு 2003இன் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வந்தது. தரம் குறைந்த பொருளென்றால் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். விசாரித்து நட்டஈடோ மாற்றுப் பொருளோ கொடுக்கச் சொல்ல அந்தச் சபைக்கு அதிகாரம் உண்டு. தொலைபேசி இலக்கம் 1977. நாங்கள் சட்டத்தரணியிடம் போனது ஐந்தாவது மாதம்.

துறைமுகத்தில் வேலை செய்பவருக்குக் கப்பல் கதை சொன்னால்தான் ஏறும் என்று எக்ஸ்பிரஸ் பேர்ளைப் பற்றியும் சொன்னோம். 2021 மே 20 அன்று கொழும்புக்கு வெளியே தீப்பிடித்த கப்பல். நைத்திரிக்கமிலம் ஏற்றிய ஒரு கொள்கலன் ஏற்கனவே கசிந்துகொண்டிருந்தது. கட்டாரின் ஹமாட் துறைமுகமும் இந்தியாவின் ஹசிராவும் அதை இறக்கவில்லை. யார் அடைத்தது, யார் ஏற்றியது, யாருக்கு எப்போது தெரியும் என்று ஒவ்வொரு கடதாசியாகத் தேடிப்போவதுதான் இந்தச் சட்டத்தரணிமாரின் வேலை. லண்டனில் கப்பல்காரர் தங்கள் பொறுப்பை ஏறத்தாழ 19 மில்லியன் பவுணுக்குள் மட்டுப்படுத்திக்கொண்டார்கள். எங்கள் உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 24 அன்று 1 பில்லியன் அமெரிக்க டொலர் கட்டச் சொன்னது. மனுதாரர்களில் மீனவர்களும் இருந்தார்கள். கம்பனி கட்ட மறுத்துவிட்டது. வழக்கு வெல்வது ஒன்று, காசு கைக்கு வருவது வேறொன்று. அதையும் மறைக்காமல் சொன்னோம்.

கஷ்டங்களையும் சொன்னோம். பெரிய வியாபார வழக்குகளுக்கான வர்த்தக மேல் நீதிமன்றம் இருப்பது கொழும்பில். ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலம். சட்டக் கல்லூரிப் பரீட்சையையே ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதி வந்து, 2023 மார்ச்சில் பாராளுமன்றத்தில் தோற்றுப்போனது. அதற்காக ஆங்கிலம் படிக்காமல் இருக்கலாம் என்று அர்த்தமில்லை. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் என்று பல்கலைக்கழக வழியும் உண்டு. கம்பனிகள் பக்கம் நின்று வாதாடுவதில்தான் கூடிய வருமானம், ராத்தா பக்கம் நிற்பதில் இல்லை என்று விஞ்ஞான சேர் இடையில் போட்டுவிட்டார். தேவையில்லாத பேச்சு என்று அப்போது கோபம் வந்தது. உண்மைதானே.

வாப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வேறொன்று கேட்டார்.

"மூணு மாசம்தானா சேர்? பெருநாளைக்கு ஃபிரிட்ஜ் ஒண்டு எடுத்த. ரெண்டு கிழமையா கதவுல கை வெச்சா கரண்ட் அடிக்குது. கடக்காரன் வாறன் வாறன் எண்டுறான்."

பில் இருக்கிறதா என்று கேட்டோம். அவர் மகளைப் பார்த்தார். அவள் எழுந்துபோய் வகுப்பிலிருந்து ஒரு கொப்பியை எடுத்துவந்தாள். நடுப்பக்கத்தில் பில்லை மடித்து வைத்திருந்தாள். மெசினில் அடித்த பில், எழுத்து பாதி மங்கியிருந்தது. திகதி மட்டும் வாசிக்கக்கூடியதாக இருந்தது. இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. முதலில் பிளக்கைக் கழற்றச் சொன்னோம். பில்லைப் போட்டோ எடுத்துவிட்டு, முறைப்பாட்டுக் கடிதத்தை அவளையே எழுதச் சொல்லியிருக்கிறோம். நாளைக்குக் கொண்டுவருவாள்.