காற்றை இழக்கும் உலகங்கள்

திருக்கோகர்ணத்தில் பழைமையைக் காத்து நிற்கும் இடங்கள் இரண்டு. குன்றைக் குடைந்த குடைவரையைக் கருவறையாகக் கொண்ட கோகர்ணேசுவரர் கோயில் ஒன்று. 1910இல் தோற்றுவிக்கப்பட்டு இன்று இவ்வூரில் இயங்கும் புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் மற்றொன்று. கல்லும் செம்பும் காலத்தை வென்று நிற்பதை இரண்டிலும் காணலாம். எந்தப் பேழையிலும் இடம்பெறாமல் நழுவிச் செல்வது காற்று. மனிதர் மட்டுமல்லர், கோள்களுங்கூடத் தம் காற்றை முழுமையாகக் காத்துக்கொள்வதில்லை.

திருவிழாக் கூட்டத்தில் குழந்தையின் கைநழுவிய ஹீலியம் பலூன் உயரே சென்று வெடிக்கிறது. அதிலிருந்த ஹீலியம் வளிமண்டலத்தில் கலந்து, நெடுங்காலம் கழித்து விண்வெளிக்கே போய்விடும். புவியீர்ப்பிலிருந்து விடுபட நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். வளிமண்டலத்தின் உச்சியில் உள்ள மெல்லிய அணுக்களுள் சில அவ்வேகத்தை எட்டிவிடுகின்றன. ஹைட்ரஜன் மட்டும் நொடிக்கு ஏறத்தாழ 3 கிலோகிராம் வெளியேறுகிறது. நைட்ரஜனும் ஆக்சிஜனும் கனத்தவை. ஆதலால் நம் மூச்சுக்குக் குறைவில்லை.

எல்லா உலகங்களுக்கும் இந்தப் பேறு வாய்ப்பதில்லை. சூரியனையன்றிப் பிற விண்மீன்களைச் சுற்றிவருபவை புறக்கோள்கள். அவற்றுட் பல, தம் விண்மீனை மிக நெருங்கிச் சுற்றுகின்றன. விண்மீனின் புறஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் அவற்றின் வளிமண்டலத்தைச் சூடேற்ற, அது விரிந்து விண்வெளியில் வழிந்தோடுகிறது.

கண்ணுக்கெட்டாத் தொலைவில் நிகழும் இவ்விழப்பை எவ்வாறு அறிவது? கோள் தன் விண்மீனின் முன்னே கடக்கும்போது ஒளி சற்றே குறையும். இதுவே கடப்பு. நம் சூரியன்முன் வெள்ளி கடந்த 1874ஆம் ஆண்டு நிகழ்வை மக்களுக்கு விளக்க நூல் எழுதியவர், சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி. அதே நிழல்தான் இன்று புறக்கோளின் காற்றையும் அளக்க உதவுகிறது. ஜிஜே 436பி என்னும் கோள் கடக்கையில், கண்காணும் ஒளியில் நூற்றில் ஒரு பங்குகூட மறைவதில்லை. ஹைட்ரஜன் உறிஞ்சும் புறஊதா ஒளியிலோ பாதிக்கு மேல் மறைகிறது. வால்மீனைப்போல் பரந்த ஹைட்ரஜன் முகில் ஒன்று அக்கோளைச் சூழ்ந்து தொடர்வதை 2015இல் அறிஞர் வெளியிட்டனர்.

ஹீலியமும் இவ்வாய்வில் சான்று கூறுகிறது. 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் முழுச் சூரிய மறைப்பு நிகழ்ந்தது. அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் சூரிய விளிம்பின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து ஆராய்ந்தனர். அவ்வாண்டு ஆய்வுகளில் தென்பட்ட மஞ்சள் கோடு, அதுவரை அறியப்படாத தனிமத்தின் அடையாளம் எனப் பின்னர்த் தெளிந்தது. அதற்கு ஹீலியம் என்று பெயரிட்டனர். சரியாக 150 ஆண்டுகள் கழித்து, 2018இல், வாஸ்ப் 107பி என்னும் புறக்கோளின் விரிந்த வளிமண்டலத்தில் அதே தனிமத்தை ஹபிள் தொலைநோக்கி அகச்சிவப்பு ஒளியில் கண்டது.

இவ்விழப்பு கோள்களின் உருவையே மாற்றவல்லது. புவியின் ஆரத்தைப்போல் ஒன்றரை மடங்கிற்கும் இரு மடங்கிற்கும் இடைப்பட்ட அளவுடைய கோள்கள் அரிதாக இருப்பதை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. தடித்த வளிப்போர்வையை இழந்த கோள்கள் சிறுத்துப் பாறையாக எஞ்சின என்பது ஒரு விளக்கம். போர்வையைக் களைந்தது விண்மீனின் கதிர்வீச்சா, கோளின் உள்வெப்பமா என்னும் வழக்கு இன்னும் முடியவில்லை.

ஒரு கோளில் உயிர் தழைக்குமா என்று கேட்போர் முதலில் அதன் வெப்பநிலையையே வினவுவர். அதனோடு அக்கோள் தன் காற்றைத் தக்கவைத்துள்ளதா என்றும் வினவ வேண்டும். நீர் ஓடிய தடங்கள் செவ்வாயில் உண்டு. அந்நீரைத் தாங்கிய அடர்ந்த காற்று இன்று அங்கில்லை. புவியில் இரண்டும் நீடிப்பதனாலேயே, வேற்றுலகங்களின் இழப்பை அளக்கும் மனிதர் இங்கே வாழ்கின்றனர்.