‘மின்’ மூன்று, ‘மீன்’ இரண்டு

பல டெர்மினல்களில் ‘மீன்’ என்று அடித்தால் கர்சர் இரண்டு கட்டம் நகரும். ‘மின்’ என்று அடித்தால் மூன்று கட்டம் நகரும். குறிலுக்கு அதிக இடம், நெடிலுக்குக் குறைந்த இடம். மாத்திரைக் கணக்கையே தலைகீழாக்கும் இந்த அளவை யார் வகுத்தார்கள், எப்போது வகுத்தார்கள்? டெர்மினலைத் தேர்ந்தெடுக்கப் போய்க் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நின்றேன்.

என் வேலை தமிழ்ச் சொற்பட்டியல்களோடும் உரைக்கோப்புகளோடும். தேடுவது, அகர வரிசைப்படுத்துவது, ஒரே சொல் இருமுறை வந்திருந்தால் களைவது எல்லாமே டெர்மினலின் கட்டளை வரியில்தான் நடக்கும். ஆயிரக்கணக்கான வரிகளை ஒரே கட்டளையில் சலித்தெடுத்துப் பழகிவிட்ட கைக்குச் சுட்டியும் மெனுவும் போதாது. டெர்மினல் எது நல்லது என்று கேட்டால் வேகம், வண்ணம், பின்னணி ஒளிபுகும் தன்மை என்று பலவும் சொல்வார்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான். நான் அடித்த சொல் அடித்தபடியே தெரிய வேண்டும், கர்சர் நிற்கும் இடத்தில்தான் திருத்தம் விழ வேண்டும்.

முதலில் எழுத்துருவைத்தான் சந்தேகித்தேன். நிரலாளர்கள் விரும்பும் சம அகல எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றில் தமிழே கிடையாது. கணினி தன் கைக்கு அகப்பட்ட வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்து ஒட்டவைக்கும். நோட்டோ சான்ஸ் தமிழைக் கைப்பட அமைத்தேன். எழுத்து அழகானது, கர்சர் மட்டும் பழையபடியே தடுமாறியது.

அடுத்து டெர்மினல்களை மாற்றிப் பார்த்தேன். எக்ஸ்டெர்மிலும் அலாக்ரிட்டியிலும் எழுத்துகளைக் கோத்து உருவாக்கும் வசதியே இல்லை. ‘கெ’ என்று அடித்தால் ககரம் முன்னே நிற்க, கொம்பு அதன் பின்னால் அடுத்த கட்டத்தில் போய் விழுகிறது. கிட்டி, வெஸ்டெர்ம், ஃபுட், 2024 டிசம்பரில் வெளிவந்த கோஸ்ட்டி ஆகியவை ஹார்ஃப்பஸ் என்ற நிரலகத்தின் துணையோடு கொம்பையும் காலையும் உரிய இடத்தில் வைக்கின்றன. ஆனாலும் எழுத்து சரியாகத் தெரிந்த இடங்களில்கூட அகலக் கணக்கு உதைத்தது. ஆகவே கோளாறு எழுத்து வரைவதில் இல்லை, அதற்கும் அடியில் எங்கோ இருக்கிறது என்று புரிந்தது.

அந்த ‘அடி’ ஒரு சிறிய சி நிரல். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க்கஸ் கூன், யூனிகோட் எழுத்து ஒவ்வொன்றும் டெர்மினலில் எத்தனை கட்டம் பிடிக்கும் என்று சொல்லும் ஒரு செயற்கூறை எழுதிப் பொதுவில் வைத்தார். எக்ஸ்டெர்ம், புட்டி போன்ற டெர்மினல்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. அதன் விதி எளிமையானது. சீன, ஜப்பானிய எழுத்துகளுக்கு இரண்டு கட்டம். யூனிகோட் ‘இடம் பிடிக்காத குறி’ என்று வகைப்படுத்தியவற்றுக்குச் சுழியம். மற்றவற்றுக்கெல்லாம் ஒன்று. தமிழ் உயிர்க்குறிகளில் யூனிகோட் இடம் பிடிக்காததாகச் சொல்வது ஈகாரக் குறி ஒன்றைத்தான். புள்ளியும் அந்த வகையில் சேரும். கால், கொம்பு, இகரம், உகரம் எல்லாம் இடம் பிடிப்பவை. ஆகவே மகரத்தின் தலையில் சுழித்து முடியும் ‘மீ’ ஒரு கட்டத்தில் அடங்க, ‘மி’ இரண்டு கட்டம் கேட்கிறது. ‘கு’ என்ற ஒற்றை வடிவமும் இரண்டு. கண்ணுக்கு மூன்று உருவாகத் தெரியும் ‘கொ’வும் அதே இரண்டு.

கூனின் மேல் குறையில்லை. அவர் யூனிகோட் தந்த வகைப்பாட்டை நேர்மையாகப் பின்பற்றினார். ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற நியதி அவருக்கு வெகுமுன்பே வந்துவிட்டது. அது எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனேன்.

இன்றைய டெர்மினல் நிரல்கள் எல்லாம் 1978-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வெளியிட்ட விடி100 என்ற கருவியைப் போல நடிப்பவை. ஒரு கண்ணாடித் திரை, ஒரு விசைப்பலகை, உள்ளே இன்டெல் 8080 சில்லு. குறுக்கே 80 எழுத்து, நெடுக்கே 24 வரி. ஒவ்வோர் எழுத்தும் ஏழுக்கு ஒன்பது புள்ளிகளில் வரையப்பட்டது. கணக்கு நோட்டுச் சதுரங்களைப் போல, எதை எழுதினாலும் ஒரு சதுரத்துக்குள். 1984-இல் மார்க் வாண்டவோர்ட் எழுதிய எக்ஸ்டெர்ம் இந்தக் குடும்பத்தைத்தான் திரையில் மென்பொருளாக்கியது. 1996 முதல் தாமஸ் டிக்கி அதைப் பேணி வருகிறார். புதிதாக வரும் டெர்மினல்கள் பலவும் இன்றைக்கும் ‘நான் எக்ஸ்டெர்ம்’ என்று தம்மைச் சொல்லிக்கொண்டுதான் நிரல்களோடு பேசத் தொடங்குகின்றன.

விடி100-க்கு முன்னால் 1963-இல் வந்த டெலிடைப் 33. காகிதச் சுருளில் வரிக்கு 72 எழுத்து, நொடிக்குப் பத்து எழுத்து, அதுவும் பெரிய எழுத்து மட்டும். அந்த 80 என்ற எண்ணோ அதைவிடப் பழையது. ஐபிஎம் 1928-இல் கொண்டுவந்த துளையட்டையில் 80 நெடுவரிசைகள். ஐபிஎம்மின் திரைக் கருவிகள் அந்த 80-ஐக் கண்ணாடிக்கு எடுத்துவந்தன. மற்ற நிறுவனங்களும் அதையே கைக்கொண்டன. அமெரிக்க அலுவலகக் கணக்குகளுக்காக வெட்டிய அட்டையின் அளவுக்குள்தான் நம் மெய்யும் உயிர்மெய்யும் இன்று இடம் தேடுகின்றன.

ஜப்பானியர்கள் இந்தக் கட்டத்தை அப்படியே ஏற்கவில்லை. காஞ்சி எழுத்துக்கு இரண்டு கட்டம் என்று தங்கள் கருவிகளிலேயே வகுத்துக்கொண்டார்கள். அந்த வழக்கம் யூனிகோடிலும் அகல அட்டவணையாகப் பதிவானது. அப்படியானால் நம்மவர்கள் யாருமே இதைப் பற்றி யோசிக்கவில்லையா?

யோசித்திருக்கிறார்கள். இந்தத் தேடலில் என்னை மிகவும் நெகிழவைத்த பகுதி இதுதான். 1980-களில் கான்பூர் ஐஐடியில் தொடங்கி, பிறகு புனேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்தது ஜிஸ்ட் தொழில்நுட்பம். கணினிக்குள் செருகும் அட்டையாகவும், பல பேர் பயன்படுத்தும் பெரிய கணினிகளோடு இணைக்கும் தனி டெர்மினலாகவும் அது வந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளை அவை காட்டின. அதன் அடிப்படை எண்ணம் தெளிவானது. நினைவகத்தில் எழுத்து ஒலிமுறையில் இருக்கும், ககரத்துக்குப் பின் எகரக் குறி என்று. கொம்பை முன்னால் கொண்டுவந்து கோத்துக் காட்டும் பொறுப்பு திரைக் கருவியுடையது. நினைவகத்துக்கான குறியேற்றம் இஸ்கி. காட்டும் அறிவு ஜிஸ்ட். இரண்டும் சேர்ந்தே ஒரு முழுமை.

1991-இல் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தபோது, 1988-ஆம் ஆண்டு இஸ்கியை அடியொற்றித்தான் தமிழுக்கு இடம் ஒதுக்கினார்கள். குறியேற்றம் உலகம் முழுக்கப் போயிற்று. அதைக் கோத்துக் காட்டும் அறிவு உலகத்தின் டெர்மினல்களுக்குப் போகவில்லை. உலாவிகளும் சொற்செயலிகளும் அந்தக் குறையை எப்போதோ தீர்த்துவிட்டன. கட்டங்களில் வாழும் டெர்மினல் மட்டும் பின்தங்கியது. ‘மின்’ மூன்றானதற்கும் ‘மீன்’ இரண்டானதற்கும் வேர் இந்தப் பிரிவில்தான் இருக்கிறது என்பது என் முடிவு.

தமிழ் சம அகலத்துக்கு ஒத்துவராத மொழி என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூருக்குப் போன ஆர். முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறியை நினைத்துப் பாருங்கள். புள்ளியையும் மேல்விலங்குகள் எனப்படும் இகர, ஈகாரக் குறிகளையும் அடிக்கும்போது உருளை நகராமல் நிற்கும்படி நகரா விசைகளை அதில் வைத்தார். எந்தக் குறி இடம் பிடிக்கும், எது பிடிக்காது என்பதைத் தமிழ் எழுதிப் பழகிய ஒருவர் கண்ணால் பார்த்து முடிவு செய்தார். தலைமுறை தலைமுறையாக நம் அலுவலகக் கடிதங்கள் அந்தப் பொறிகளில்தான் பிறந்தன. யாரும் படிக்க முடியவில்லை என்று சொன்னதில்லை.

இப்போது சில கதவுகள் திறக்கின்றன. குறி குறியாக எண்ணாமல் முழு எழுத்தை ஓர் அலகாகக் கொள்ளும் முறையை வெஸ்டெர்ம், கோஸ்ட்டி, ஃபுட், கான்டூர் ஆகியவை ஏற்றிருக்கின்றன. கிட்டியை எழுதிய கோவிட் கோயல், மின்னூல் வாசகர்கள் நன்கறிந்த காலிபரை உருவாக்கியவர். 2025-இல் அவர் கொண்டுவந்த நெறிமுறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. இந்த உரைக்கு இத்தனை கட்டம் ஒதுக்கு என்று நிரலே டெர்மினலுக்குச் சொல்லிவிடலாம். கர்சர் தடுமாறுவதற்கு நேரடிக் காரணம், டெர்மினலும் நிரலும் ஆளுக்கொரு அகல அட்டவணையை வைத்துக்கொள்வது. ஒருவர் மூன்று என்பார், மற்றவர் இரண்டு என்பார், கர்சர் நடுவில் மாட்டிக்கொள்ளும். அவர்கள் தமக்குள் பேசிக்கொள்ள வழி பிறந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி அகலம். ‘ணை’யையும் ‘ஞௌ’வையும் ஆங்கில ஐ எழுத்துக்கான கட்டத்தில் நசுக்கக் கூடாது. காஞ்சிக்குத் தந்ததைப் போல நம் அகன்ற எழுத்துகளுக்கும் இரண்டு கட்டம் தர வேண்டும் என்பேன்.

இப்போதைக்கு நான் கிட்டியில் வேலை செய்கிறேன். யூனிகோடில் தமிழுக்குரிய 128 இடங்களுக்கு மட்டும் நோட்டோ சான்ஸ் தமிழ் என்று அதன் அமைப்புக் கோப்பில் ஒரே வரி எழுதினால் போதும். ஆங்கிலத்துக்கு வேறு எழுத்துரு இருக்கலாம். வரி உயரத்தைச் சற்றுக் கூட்டினேன், ஈகாரச் சுழியும் உகரக் காலும் மேலும் கீழும் வெட்டுப்படாமல் இருக்க. வண்ணத்தில் பெரிதாகக் கை வைக்கவில்லை. நீண்ட தமிழ் வரிகளைத் திருத்துவதை மட்டும் டெர்மினலுக்கு வெளியே ஒரு தொகுப்பியில் வைத்துக்கொள்கிறேன். அங்கே கர்சர் நம்பத்தகுந்தது.

நீங்களும் உங்கள் டெர்மினலைத் திறந்து ‘மின்’, ‘மீன்’, ‘கொடு’, ‘கௌதாரி’ ஆகிய நான்கையும் அடித்துப் பாருங்கள். இடது அம்புக்குறியை அழுத்தி ஒவ்வோர் எழுத்தாகப் பின்னால் போங்கள், நடுவில் ஓர் எழுத்தை அழியுங்கள். கர்சர் தவறான இடத்தில் நின்றால் திரையைப் படமெடுத்து, எந்த எழுத்து எத்தனை கட்டம் பிடிக்க வேண்டும் என்று விளக்கி, அந்த நிரலை எழுதுபவர்களுக்கு வழு அறிக்கை அனுப்புங்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது; நாம் சொன்னால்தான் தெரியும்.