போர் வண்டி வடக்கே கிளம்பும் முன்

உங்கள் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போட வந்த வண்டியைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு லாரிகள் வரும். ஒன்றில் துளை போடும் ரிக். இன்னொன்றில் ராடு, டீசல், தண்ணீர்த் தொட்டி, அடுப்பு, பாத்திரம், ஆட்களின் துணிப்பை. எங்கள் திருச்செங்கோடு பகுதியிலிருந்து கிளம்பும் இந்த வண்டிகள் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, ராஜஸ்தான் வரை போகின்றன. தீபாவளி முடிந்து புறப்பட்டால், வடக்கே மழை இறங்கும் ஆனி மாதத்தில்தான் ஊர் திரும்புவோம். மழை பெய்துவிட்டால் அங்கே வயலுக்குள் லாரி இறங்காது.

நான் 11 ஆண்டுகள் அப்படிப் போய் வந்தவன். கடைசி 6 ஆண்டுகள் மேனேஜர். இப்போது 2 ஏக்கர் மரவள்ளி, 2 கறவை மாடு என்று ஊரோடு இருக்கிறேன். முதல்முறை போகும் பையன்கள், "என்னென்ன எடுத்துட்டுப் போறதுங்ணா?" என்று கேட்டு வருவார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வண்டியில் ஏற்ற வேண்டியது

கணக்கு ராடில் தொடங்கும். ஒரு ராடு 20 அடி. 1,000 அடி போக 50 ராடு வேண்டும். அதோடு மாற்று ஹேமர், பட்டன் பிட்டுகள், பிட் தேய்ந்தால் சாணை பிடிக்க கிரைண்டர், வெல்டிங் செட். ஹோஸ், ஆயில் சீல், பெல்ட், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் எல்லாவற்றிலும் கூடுதலாக வைத்துக்கொள்வோம். காட்டுக்குள் நிற்கும்போது 200 ரூபாய் சீல் ஒன்று போனால், 12 பேரும் இரண்டு நாள் சும்மா உட்கார வேண்டியதுதான்.

மத்தியப் பிரதேசத்தில் மாளவப் பக்கம் முழுக்கக் கரிசல் மண். மேலே காய்ந்து தெரியும்; பாரம் ஏறினால் சக்கரம் புதையும். அதனால் தடித்த பலகைகள், இரும்புத் தகடு, ஜாக்கி, கம்பிக் கயிறு இல்லாமல் கிளம்ப மாட்டோம்.

குழாயின் வாயை மூடும் இரும்பு மூடிகளும் கட்டாயம். 2010-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதல்படி, கிணற்றுக் குழாயின் வாயை வெல்டிங் வைத்தோ, போல்ட் போட்டோ மூட வேண்டும். தண்ணீர் வராத குழியை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். மூடி கையில் இருந்தால்தான், ராடு ஏற்றிய கையோடு அந்த வேலையும் முடியும். "நாளைக்கு மூடிக்கலாம்" என்று விடும் குழியில்தான் குழந்தைகள் விழுகிறார்கள். போர் போடும் விவசாயிகளும் மூடி போட்ட பிறகே வண்டியை அனுப்புங்கள்.

காகிதக் கட்டு

ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., பர்மிட், புகைச் சான்று, டிரைவர் லைசென்ஸ், ஆட்கள் எல்லாருடைய ஆதார் நகல். இரண்டு லாரியிலும் ஒவ்வொரு கட்டு இருக்க வேண்டும். நாம் திரும்பும் மாதம் வரை தேதி செல்லுமா என்று பார்த்துவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

போகிற மாநிலத்தின் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் 1986-ம் ஆண்டின் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தால், மாவட்ட கலெக்டர் புதிய போர் போடத் தடை போடலாம். அனுமதி இல்லாமல் துளை போட்டால் வண்டியையே பிடித்து வைத்துவிடுவார்கள். எந்த மாவட்டத்துக்குள் நுழைந்தாலும் முதலில் அதை விசாரிப்போம்.

அடுப்பும் உடம்பும்

சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர் என்று 44-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையில் ஏறினால், நாக்பூர் தாண்டியதும் எங்கும் கோதுமைச் சாப்பாடு. நம் ஆட்கள் நாலு நாளைக்கு மேல் தாங்க மாட்டார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி என்றால், 12 பேருக்கு மாதம் 150 கிலோ. இரண்டு மாதத்துக்கு 25 கிலோ சிப்பம் 12 ஏற்றுவோம். புளி, மிளகாய்த்தூள், சாம்பார் பொடி, கடலெண்ணெய், ஊறுகாய் ஊரிலிருந்தே போகும். பருப்பும் காய்கறியும் அங்கேயே நன்றாகக் கிடைக்கும்; அதைச் சுமக்க வேண்டாம்.

மார்கழியில் அங்கே ராத்திரிக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். ஆளுக்கு ஸ்வெட்டரும் நல்ல கம்பளியும் வேண்டும். அதைவிட முக்கியம் மூக்குக் கவசம். பாறைத் தூள் நெஞ்சில் படிந்தால் சிலிக்கோசிஸ் வரும். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. துண்டைக் கட்டினால் போதும் என்று பையன்கள் நினைக்கிறார்கள். நுண்ணிய தூசியைத் துண்டு தடுக்காது. காதடைப்பானையும் மறக்கக் கூடாது.

வீட்டில் வைக்க வேண்டியது

லாரியை நிரப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று ஆண்கள் நினைப்போம். எங்கள் வீட்டில் அது நடக்காது. கிளம்பும் முதல் நாள் என் மனைவி ஒரு நோட்டோடு உட்கார்ந்துவிடுவாள். "ஏனுங்க, அரிசிச் சிப்பமெல்லாம் எண்ணிப் போட்டீங்க. மாட்டு டாக்டரு நம்பரு, சொசைட்டி பாஸ்புக்கு, சிட்டா எல்லாம் எங்க இருக்குதுனு சொல்லிப்போட்டுப் போங்க" என்பாள். எட்டு மாதம் குடும்பத்தையும் காட்டையும் நடத்தப் போகிறவள் அவள். எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் எதுவும் என்னோடு லாரியில் போகக் கூடாது என்பது அவள் கணக்கு. மரவள்ளி எங்களுக்குத் தோதானதும் அதனால்தான். 10 மாதப் பயிர். ஆள் இல்லாத காலத்தில் தினமும் பாடுபடுத்தாது.

அந்த நோட்டில் இருந்தவற்றை, பிள்ளையை அனுப்பும் வீட்டார் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

* இரண்டு லாரிகளின் நம்பர். முதலாளி, மேனேஜர், உடன் போகும் இருவரின் போன் நம்பர்.
* வாங்கிய அட்வான்ஸ் எவ்வளவு, மாதச் சம்பளம் எவ்வளவு, அதில் மாதாமாதம் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற கணக்கு. பையன் மட்டுமல்ல, அம்மாவுக்கோ மனைவிக்கோ இது தெரிந்திருக்க வேண்டும்.
* வங்கிக் கணக்கு விவரம், யார் பெயரில் நாமினி என்பது.
* கடன் தவணை, நகை மீட்க வேண்டிய தேதிகள்.

பிரதமரின் விபத்துக் காப்பீடு, சுரக்ஷா பீமா, ஆண்டுக்கு 20 ரூபாய்தான். 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்கு இருந்தால் சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். பணம் மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும். அப்போது பையன் வடக்கே எங்காவது காட்டில் இருப்பான். கணக்கில் 20 ரூபாய் இல்லாவிட்டால் காப்பீடு நின்றுபோகும். கிளம்பும் முன்பே 500 ரூபாய் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.