நோவில்லாத நோய்

என் வாப்பா பல்கலைக்கழகமொன்றில் எழுதுவினைஞர். காலையில் கதிரையில் அமர்ந்தால் மாலைவரை கோப்புகள்தாம். இடையிடையே சீனி கூடிய பால்தேநீரும் ரோல்ஸும். உடல் பருத்தது, யாரும் அதை நோயாக எண்ணவில்லை.

சென்ற வருடம் கல்விசாரா ஊழியர்களுக்கு நடந்த பரிசோதனையில் வாப்பாவின் குருதியமுக்கம் 160/100. வரிசையில் நின்ற காவலாளிக்கும் சாரதிக்கும் 140/90ஐத் தாண்டியிருந்ததாம். “எனக்கு ஒரு நோவும் இல்லயே!” என்றார் வாப்பா. நோவில்லாததுதான் ஆபத்து. சத்தமின்றி இதயத்தையும் சிறுநீரகத்தையும் பழுதாக்கி, பாரிசவாதத்திலும் வீழ்த்திவிடும்.

நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். உம்மா கருவாட்டையும் அச்சாறையும் குறைத்துவிட்டார். வாப்பா மாத்திரை தவறுவதில்லை; மஃரிபுக்குப் பள்ளிக்கு நடந்தே போகிறார்.

தோழியரே, உங்கள் வாப்பா கடைசியாகப் பிரஷர் பார்த்தது எப்போது? இன்றே கேளுங்கள்.