ராஜ்மாச்சியில் பெய்த மழை

மும்பைத் தமிழர்க்கு மழை புதிதன்று. ஆனி பிறந்துவிட்டால் தண்டவாளங்களில் நீர் தேங்குவதும், மின்தொடர் வண்டிகள் நடுவழியில் நின்றுபோவதும், முழங்கால் நீரில் வீடு திரும்புவதும் நமக்குப் பழகிப்போனவை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததே, அதில் நனைந்து கரையேறியவர்கள் நம் சங்கத்திலேயே பலர் உளர். ஆனால் நகரத்து மழை வேறு, மலையின் மழை வேறு. சென்ற ஆண்டு ஆடித் திங்களில் நம் அன்பர்கள் 17 பேர் ராஜ்மாச்சிக்கு நடந்து சென்று அந்த வேறுபாட்டை அறிந்து வந்தோம்.

மும்பைக்கும் புனேக்கும் இடையே சஹ்யாத்ரி மலையின் விளிம்பில் இருப்பது ராஜ்மாச்சி. ஸ்ரீவர்தன், மனரஞ்சன் என்னும் இரண்டு கோட்டைகள் அருகருகே நிற்கின்றன. அவற்றின் அடியில் உதேவாடி என்ற சிற்றூர். கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து தக்காணத்துக்கு ஏறிய பண்டைய வணிகப் பாதை போர் கணவாய் வழியே சென்றது; அதனைக் காத்து நின்றவை இக்கோட்டைகள். 1657-இல் சிவாஜி கைப்பற்றினார்; 1818-இல் ஆங்கிலேயர் கைக்குப் போயின. அதே கணவாயில் 1863-இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. இன்று நாம் வண்டிச் சன்னலோரம் அமர்ந்து வடா பாவ் தின்றுகொண்டே கடந்துபோகும் மலை அதுதான்.

ஊருக்கு இரண்டு வழிகள் உண்டு. கர்ஜத் பக்கத்திலிருந்து கொண்டாணேக் குகைகளைக் கடந்து ஏறும் வழி குறுகியது, ஆனால் செங்குத்து. லோனாவாலாவிலிருந்து துங்கார்லி வழியாகச் செல்வது ஏறத்தாழ 15 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். முதன்முறை முதுகில் சுமை ஏற்றி நடப்பவர்க்கு இதுவே ஏற்றது என்று சொல்வார்கள். சனிக்கிழமை லோனாவாலா வழியே சென்று உதேவாடியில் தங்கி, ஞாயிறன்று கொண்டாணே வழியே இறங்கி, இரவு வீடு சேர்வது என்பது எங்கள் திட்டம்.

எங்கள் குழுவில் இளையவனுக்கு வயது 11. மூத்தவர் இரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற நெல்லைக்காரர், வயது 61. எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். சுமை தூக்கிப் பழகியவர் ஒருவருமில்லை என்பது பைகளைக் கண்டாலே தெரிந்தது. ஒருவர் பையில் பிரஷர் குக்கர் இருந்தது. ஓர் அம்மையார் இரண்டு நாளுக்கும் போதுமான புளியோதரையைக் கட்டி வந்திருந்தார். அதனைக் கேலி செய்தவர்கள் பிறகு அவரிடமே கையேந்தி நின்றதைப் பின்னர்ச் சொல்வேன். குடைகள் முதல் மேட்டிலேயே காற்றில் மடங்கி மல்லாந்தன. விலையுயர்ந்த மழையங்கிகளும் ஒரு மணி நேரத்தில் தோற்றன. பைக்குள் பெரிய பிளாஸ்டிக் சாக்கை விரித்து, அதற்குள் துணிகளை வைத்து வாயைக் கட்டியவர்கள் மட்டுமே இரவில் உலர்ந்த ஆடை உடுத்தினர்.

அன்றைய நடை இன்பமாகவே இருந்தது. பாதையெங்கும் சிறு நண்டுகள் குறுக்கே ஓடின. வயல்களில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். மூங்கிலும் இலையும் கொண்டு முடைந்த ‘இர்லே’ என்னும் மழைக்கூடையைத் தலையிலிருந்து முதுகுவரை கவிழ்த்துக்கொண்டு குனிந்து நடுவது இப்பகுதி வழக்கம். இப்போது பலருக்குப் பிளாஸ்டிக் தாளே துணை. இரண்டொருவர் மட்டும் இர்லே அணிந்திருந்தனர். உல்ஹாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்றபோது எதிர்ப்பக்கத்து அருவி ஒன்று கீழே விழாமல், காற்றால் மேல்நோக்கி வீசப்பட்டுப் புகைபோல் கலைந்தது. குழந்தைகள் கைதட்டினர்.

அரபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இம்மலைச் சுவரில் மோதி மேலெழுந்து குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. அதனால்தான் லோனாவாலாவில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்ய, மலைக்குப் பின்னுள்ள புனேயில் 700 மில்லிமீட்டர் அளவே பெய்கிறது. பாறையோ எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல். விழுந்த நீரை உறிஞ்சாது, அப்படியே ஓடைக்கு அனுப்பிவிடும். வெள்ளிக்கிழமை வானிலைத் துறை அறிவித்த நிறம் மஞ்சள். சனிக்கிழமை மாலை ஒரு மேட்டில் செல்பேசிக்குச் சிறிது உயிர் வந்தபோது அது சிவப்பாக மாறியிருந்தது. 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மழையை ‘மிக மிகக் கனமழை’ என்பர். அதனை எதிர்பார்க்கச் சொல்லும் நிறம் அது.

இரவு முழுதும் கூரைமேல் யாரோ கூழாங்கல்லைக் கொட்டுவது போன்ற ஓசை. பொழுது விடிந்தபோது முற்றத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எங்களுக்குச் சோறிட்ட இல்லத்தரசியைக் குழந்தைகள் ‘மாவ்சி’ என்று அழைக்கக் கற்றிருந்தார்கள். கொண்டாணே இறக்கத்தைப் பற்றிப் பேச்செடுத்ததுமே மாவ்சி கையசைத்து மறுத்துவிட்டார். அவ்வழியே இப்போது ஓடைதான் என்றார். வந்த வழியே திரும்பலாமா என்று கேட்டோம்; அதற்கும் தலையாட்டவில்லை.

அப்போதுதான் எங்களுக்குள் வாக்குவாதம் எழுந்தது. திங்கட்கிழமை நம்மை ஆட்டிப்படைக்கும் தெய்வம் அல்லவா! மென்பொருள் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர், “அண்ணாச்சி, நாளைக் காலை நான் அலுவலகத்தில் இல்லாவிட்டால் வேலை நிலைக்காது. சமதளம்தானே, மெல்ல நடந்துவிடலாம்” என்றார். செவிலியாகப் பணிபுரியும் பெண்மணிக்கும் மறுநாள் காலைப்பணி. அவர் வாய் திறவாமல் பையைக் கட்டத் தொடங்கினார். அந்த மௌனம் இளைஞரின் பேச்சைவிட வலிவுடையதாயிருந்தது. நால்வர் ஐவர் அவர் பக்கம் சாய்ந்தனர். அண்ணாச்சி தடுக்கவுமில்லை, இசையவுமில்லை. மாவ்சியோ, “முதலில் ஓடையைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு புறப்படுவதைப் பற்றிப் பேசலாம்” என்று தம் மகனை உடன் அனுப்பினார்.

நாங்கள் அறுவர் சென்றோம். முதல் நாள் குழந்தைகள் காலணியோடு குதித்து விளையாடிய ஓடை அது. கணுக்காலுக்கு மேல் நீர் இல்லை. இப்போது செம்மண் நிறத்தில், இரு கரையையும் தாண்டி, மரக்கிளைகளைச் சுழற்றிக்கொண்டு போயிற்று. அதைக் கண்டு அஞ்சியதைவிட, அதன் ஓசையைக் கேட்டு அஞ்சினோம் என்பதே உண்மை. நீருக்கடியில் குடம் குடமான கற்கள் ஒன்றோடொன்று மோதி உருளும் ஓசை, தொலைவில் சரக்கு வண்டி போவதுபோல் இடைவிடாமல் கேட்டது. அந்நீரில் கால் வைத்தால் நீர் இழுக்குமுன் கல் காலை முறிக்கும் என்றார் மாவ்சியின் மகன். 2024 ஜூன் 30 அன்று, இதே லோனாவாலாவில், பூஷி அணைக்கட்டின் பின்புறத்து அருவியில் நின்றிருந்த ஒரு குடும்பத்தார் திடீரென்று பெருகிய வெள்ளத்தில் சிக்கினர். அவர்களுள் ஐவர் உயிரிழந்தனர். மேலே மழை பெய்தால் கீழே நிற்பவர்க்குச் சொல்லிக்கொண்டு வருவதில்லை வெள்ளம். இளைஞர் ஐந்து நிமிடம் அங்கே நின்றார். திரும்பி வரும் வழியில் அவர் அலுவலகத்தைப் பற்றிப் பேசவில்லை.

அன்று பகலெல்லாம் 17 பேரும் ஒரே கூடத்தில் கிடந்தோம். உலை வைக்க விறகு ஈரம். நண்பகலில் புளியோதரைதான் உணவு. அம்மையார் கேலி செய்தவர்களைப் பெயர் சொல்லி அழைத்து முதலில் பரிமாறினார். மாலையில் அடுப்பு எரிந்து, அரிசி பாக்ரியும் கடலைமாவுப் பிட்லாவும் இடித்த பச்சைமிளகாய்த் தேச்சாவும் கிடைத்தன. இதனைவிடச் சுவையான உணவை நான் எந்த விருந்திலும் உண்டதில்லை.

அன்றிரவு மாவ்சி உறங்கவில்லை. மணிக்கொருமுறை அவரும் மகனும் மின்விளக்கோடு வீட்டின் பின்புறம் போய்வந்தனர். எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். சரிவிலிருந்து வடியும் நீர் தெளிவாக வருகிறதா, திடீரென்று சேறாகிறதா, அல்லது நின்றுவிட்டதா என்று பார்க்கிறார்களாம். சேறானாலும் நின்றாலும் மண் நகரத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே வீட்டை விட்டு வெளியேற வேண்டும். பிறகு தாழ்ந்த குரலில் ‘இர்ஷாள்வாடி’ என்றார். இர்ஷாள்கட் கோட்டையின் அடியில் இருந்த பழங்குடியினர் சிற்றூர் அது. 2023 ஜூலை 19 இரவு, ஊர் உறங்குகையில், மலைச்சரிவு அதன்மேல் விழுந்தது. சாலை இல்லாமையால் மண்வாரும் பொறிகள் மேலே ஏற இயலவில்லை. மீட்புப் படையினர் நடந்தே ஏறிக் கைகளால் தோண்டினர். 27 உடல்கள் கிடைத்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள்ளேயே போயினர். மலையேறும் மும்பைவாசிகளுக்குச் சோறிட்டு வழிகாட்டிய வீடுகளும் அவ்வூரில் இருந்தன. எங்களுக்கு இரு நாள் தடங்கலாகத் தோன்றிய மழையை இவர்கள் ஆண்டுதோறும் நான்கு மாதம் இப்படிக் காவலிருந்து கழிக்கிறார்கள். அது பெய்யாவிட்டாலோ நாற்று நிற்காது.

திங்கள் காலையில் மழை தணிந்தது. மலை ஓடை பெருகும் வேகத்திலேயே வடியவும் செய்யும். நண்பகலில் கல்லுருளும் ஓசை அடங்கி, நீர் முழங்காலுக்குக் கீழ் இறங்கிற்று. மாவ்சியின் மகனோடு ஊரார் மூவரும் உடன் வந்தனர். ஓடை குறுகிய இடத்தை விடுத்து, அகன்ற இடத்தையே அவர்கள் தேர்ந்தனர். குறுகிய இடத்தில் ஆழமும் வேகமும் மிகுதி. பையின் இடுப்புவாரை அவிழ்த்துவிடச் சொன்னார்கள். விழுந்தால் பையை உதறிவிட வேண்டும் என்பதற்காக. நீர் வரும் திசை நோக்கி நின்று, மூவர் மூவராகத் தோள்பற்றிப் பக்கவாட்டில் நகர்ந்தோம். சிறுவனை ஒருவர் முதுகில் சுமந்தார். மூன்று ஓடைகளைக் கடக்க இரண்டு மணி நேரமாயிற்று.

மாவ்சிக்குக் கூடுதல் நாளுக்கும் சேர்த்து முழுத்தொகையைக் கொடுத்தோம். அவரும் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். பெரிய பிளாஸ்டிக் சாக்குகளை மட்டும் விட்டுப்போகும்படி கேட்டார், விதைநெல் மூடுவதற்காம்.

லோனாவாலா நிலையத்தில் செல்பேசிகள் உயிர்பெற்றன. மும்பையிலும் தண்டவாளங்கள் நீரில் மூழ்கி, இளைஞரின் அலுவலகம் அன்று திறக்கப்படவே இல்லையாம். செவிலிப் பெண்மணியின் மருத்துவமனை திறந்துதான் இருந்தது. அவர் ஈர உடையோடு இரவுப்பணிக்கு நேரே சென்றார்.

காணாமல் விட்ட கொண்டாணேக் குகைகளுக்காக ஐப்பசிக்குப் பின் மீண்டும் செல்ல எண்ணியுள்ளோம். உடன்வர விரும்பும் குடும்பத்தினர் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். பிரஷர் குக்கர் வேண்டா, புளியோதரை வரவேற்கப்படும்.