ஊட்டியும் அம்மாச்சியின் டீத்தூளும்

செமஸ்டர் முடிஞ்சதும் நாங்க நாலு பேர் ஊட்டிக்குக் கிளம்பினோம். பி.காம் பசங்களாச்சே, போறதுக்கு முன்னாடியே பட்ஜெட் போட்டோம். முதல் நாளே அது காலி! ஊட்டியில ரூம் எடுத்துக்கிட்டு தினம் ஒரு பக்கம் போய்ட்டு வர்றதுதான் திட்டம். (சொந்த வண்டியில போறவங்க கவனிக்க: 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் எடுக்கணும். நாங்க பஸ்.)

கிளம்புறப்போ அம்மாச்சி, "வர்க்கியும் சாக்லேட்டும் வேணாம்யா. டீத்தூள் வாங்கிட்டு வா"ன்னாங்க.

முதல் நாள் குன்னூர். மலை ரயில்ல லவ்டேல், கேத்தி, அரவங்காடு, வெலிங்டன்னு இறங்கிப் போனோம். மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் 1899ல வந்த பாதை, 1908ல ஊட்டியைத் தொட்டுச்சு. 2005ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு. பல்சக்கரப் பாதை குன்னூருக்குக் கீழதான், கல்லார் வரைக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து போட்டோவா எடுத்துத் தள்ளினேன்.

குன்னூர்ல ஒரு டீ ஃபேக்டரியைச் சுத்திப் பார்த்தோம். ஒரு கிலோ டீத்தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல பச்சைத் தேயிலை வேணும். மிச்சமெல்லாம் ஆவியாப் போற தண்ணி. காஸ்டிங் பேப்பர்ல இதை 'நார்மல் லாஸ்'னு ஒரே வரியில எழுதிட்டுப் போயிடுவோம். அந்தத் தண்ணியையும் சேர்த்துத்தானே அம்மாச்சி முதுகுல சுமந்திருப்பாங்கன்னு அப்பதான் உறைச்சுது.

அம்மாச்சி பிறந்தது இலங்கையில, ஹட்டன் பக்கம். 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துல 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கிறதா முடிவாச்சு. அந்த ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. 1973ல மண்டபம் கேம்ப் வழியா வந்தப்போ அம்மாச்சிக்கு வயசு 18. இப்படி வந்தவங்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில 1968ல வனத்துறை தொடங்கின தேயிலைத் தோட்டங்கள்தான் பிற்பாடு டான்டீ ஆச்சு. அம்மாச்சி முப்பது வருஷம் கொழுந்து பறிச்சது கூடலூர் பக்கம் ஒரு தோட்டத்துல.

ரெண்டாம் நாள் பசங்க பைக்காராவுல படகு சவாரிக்கு இறங்கிட்டாங்க. நான் மட்டும் அதே பஸ்ல நடுவட்டம் தாண்டி கூடலூர் போய், அங்கிருந்து தோட்டத்துக்குப் போனேன். அம்மாச்சி இருந்த லயத்து வீட்டுல இப்ப வேற குடும்பம். பக்கத்து வீட்டுப் பாட்டி என்னை ரொம்ப நேரம் பார்த்துட்டு, "சத்தமா சிரிக்குமே, அது பேரனா?"ன்னு கேட்டாங்க. எங்க வீட்டுல அம்மாச்சி சத்தமா சிரிச்சு நான் கேட்டதே இல்ல.

ஊருக்கு வந்து பாக்கெட்டைக் கொடுத்தேன். பிரிச்சு மோந்து பார்த்துட்டு, "நல்ல தூளு"ன்னாங்க. ரயில் போட்டோவைக் காட்டினேன். "உள்ள சீட்டு எப்படிய்யா இருக்கு?"

"நீங்க ஏறினதே இல்லையா அம்மாச்சி?"

"லீவு போட்டா பேர் விழாதே." பேர்னா தோட்டத்து பாஷையில ஒரு நாள் சம்பளம்.

நாங்க மூணு நாள் செலவழிச்ச ஊர்ல, முப்பது வருஷத்துல ஒரு நாள் அவங்களுக்குக் கிடைக்கல. எந்தக் கணக்குல எழுதுறது இதை?

"பொங்கல் லீவுல போலாமா?"ன்னேன். முட்டி வலின்னாங்க, குளிருன்னாங்க. டீ போட அடுப்படிக்குப் போனவங்க பாதியில திரும்பிப் பார்த்துக் கேட்டாங்க:

"ஜன்னல் பக்கம் கிடைக்குமா?"